எம்.பி.எஸ். - சேர்ந்து பாடக் கற்றுத் தந்தவர்



மலர்க்குழு நண்பர் போன் பண்ணி, மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்றார். பேச்சோடு பேச்சாக இன்னொரு சேதியும் சொன்னார். சந்திப்பு விழாவில் சேர்ந்து பாட முப்பது மாணவர்கள் பெயர் கொடுத்தார்களாம். குரல் தேர்வு வைத்துப் பத்துப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். மிச்சம் இருபது பேர் கீழே உட்கார்ந்து கைதட்டலாமாம்! அதைக் கேட்டதும் யாரைப் பற்றி எழுதுவது என்பது எனக்கு முடிவாகிவிட்டது.

எம்.பி. சீனிவாசன். சுருக்கமாக எம்.பி.எஸ். பூர்வீகம் மானாமதுரை. பிறந்தது 1925 செப்டம்பர் 19, சித்தூரில். அந்தக் காலத்தில் நம்ம திருத்தணியும் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. 1960-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த வகையில் அவரை நம்ம பக்கத்துக்காரர் என்று கொஞ்சம் உரிமை கொண்டாடலாம், தப்பில்லை.

மாணவப் பருவத்திலேயே அரசியலில் இறங்கியவர். மாணவர் சம்மேளனத்தில் வேலை செய்தார். பிறகு டில்லிக்குப் போய், பாராளுமன்றத்தில் ஏ.கே. கோபாலனுக்குச் செயலாளராக இருந்தார். மக்கள் நாடக மன்றத்தின் பாட்டும் கூத்தும் அவரை இழுத்துக்கொண்டன. அவர் கைப்பிடித்த ஜாஹிதா, டாக்டர் சைபுதீன் கிச்லுவின் மகள். 1919-ல் எந்தத் தலைவர்களைக் கைது செய்ததால் அமிர்தசரஸ் கொந்தளித்ததோ, ஜாலியன்வாலாபாக் நடந்ததோ, அந்தத் தலைவர்களில் ஒருவர் கிச்லு. மதம், மொழி, ஊர் எல்லாம் தாண்டிய கல்யாணம். பின்னாளில் பல மொழிப் பாட்டுகளை ஒரே மேடையில் பாட வைத்தவர், முதலில் தன் வீட்டிலேயே அதைச் செய்துவிட்டார்.

1960-ல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் பாட்டு எழுதிய படம் அது. அடுத்த வருஷம் ‘கால்பாடுகள்’ என்ற மலையாளப் படத்தில், ஒரு குரல் தேர்வில் தேறாத இளைஞர் ஒருவருக்கு ஸ்ரீ நாராயண குருவின் வரிகளைப் பாடக் கொடுத்தார். அந்த இளைஞர்தான் ஜேசுதாஸ். தேர்வு வைப்பவர்கள் காதுக்கும் தப்பு நேரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்த நாளில் சினிமா வாத்தியக்காரர்களுக்கு வேலை நேரமும் நிச்சயமில்லை, கூலியும் நிச்சயமில்லை. எம்.பி.எஸ். அவர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். அதனாலேயே தமிழ்ப் படவுலகில் அவருக்கு வாய்ப்பு குறைந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். தமிழில் அவர் இசையமைத்த படங்கள் கொஞ்சம்தான். மலையாளத்தில் நிறைய, ‘எலிப்பத்தாயம்’, ‘யவனிகா’ எல்லாம் அவர் இசைதான்.

ஆனால் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை சினிமாவுக்கு வெளியே நடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்தார். மாணவர்கள், ஆபீஸ் போகிறவர்கள் என்று சாதாரண இளைஞர்கள்தான் வந்து சேர்ந்தார்கள். சங்கீதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பாரதியார் பாட்டுகளையும் பல இந்திய மொழிப் பாட்டுகளையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். நம்ம சங்கீதம் ஒரே மெட்டு. பத்துப் பேர் பாடினாலும் அந்த ஒரு மெட்டைத்தான் பாடுவார்கள். சேர்ந்திசையில் அப்படி இல்லை. பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல். ஆண்களிலும் அதே மாதிரி இரண்டு. நாலு வரிசையும் ஒரே நேரத்தில் வேறு வேறு ஸ்வரம் பாடும். காதில் விழுவது ஒரே பாட்டு. மேல்நாட்டிலிருந்து வந்த முறை. அதை ராகத்தின் முகம் கெடாமல் நம்ம மெட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதுவும் வெறும் கையசைவால், நோட்டுப் படிக்கத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு! வெனிசுவேலா நாட்டில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஏழைப் பிள்ளைகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பித்தது 1975-ல். அதற்குச் சில வருஷம் முன்பே நம்ம மெட்ராஸில் எம்.பி.எஸ். இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது என்று என்னிடம் சொல்லி விட்டார்கள். அன்றோடு நான் பாட்டை விட்டேன். நம் கல்லூரியில் மூன்று வருஷமும் கைதட்டுகிற கூட்டத்தில்தான் இருந்தேன். பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. 1988 மார்ச்சில் ஒரு நாள், நைட் ஷிப்ட் முடிந்து ரயிலில் வரும்போது, மீஞ்சூர் தாண்டிப் பேப்பரைப் பிரித்தேன். மார்ச் 9-ந் தேதி லட்சத்தீவில் எம்.பி.எஸ். காலமான செய்தி. வயது 62. ரேடியோவில் கேட்டிருந்த அந்தக் கூட்டுக் குரல் அப்போது காதில் ஓடியது. அவரை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமல் போனோமே என்று இருந்தது.

ரெண்டு வருஷம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பாடுகிற ஒரு சின்னக் குழுவில் தயங்கித் தயங்கிச் சேர்ந்தேன். ஆண்களின் கீழ்க்குரல் வரிசை. தனியாகக் கேட்டால் அந்த வரிசை பாட்டாகவே தெரியாது, மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். ஆனால் அது நின்றால் மற்ற மூன்று வரிசையும் ஆடிப்போகும். அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், பக்கத்தில் நிற்பவன் குரல் உன் காதில் விழவில்லையென்றால் நீ கத்துகிறாய் என்பது. இரண்டாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பாட்டைத் தாங்க வேண்டும். என் முப்பது வருஷத் தொழிற்சாலை வாழ்க்கைக்கும் சங்க வேலைக்கும் இந்த ரெண்டு பாடமும் உதவின. வீட்டில் என் சம்சாரத்துக்கும் முதல் பாடத்தால் நிம்மதி!

எம்.பி.எஸ். மறைந்த பிறகும் சென்னையில் அவர் குழு பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பேரிலேயே ஒரு யூத் கொயர் உண்டாயிற்று. நம் ஊரில் அவர் பேரில் எதுவும் வேண்டாம். அந்த இருபது பேரையும் மேடையில் ஏற்றினால் போதும். இன்றைக்கு நம் கல்லூரியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சிப்காட்டுக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பிகளா. குரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கீழ்க்குரல் வரிசைக்கு அனுப்புங்கள். ஒத்திகைக்கு நானும் வந்து அவர்களோடு நிற்கிறேன்.