வீட்டுக்குள் வந்த கடல்

கண்ணாடித் தொட்டியில் கடல்மீனும் பவளமும் வளர்க்கிறார்களே, அதற்கு முன்னோடி ஒரு தையல்காரப் பெண்! பெயர் ழான் வில்ப்ரே பவர். 1794-ல் பிரான்சில் பிறந்தவர். பாரிசில் துணி தைத்துப் பிழைத்தார். 1818-ல் திருமணமாகி, சிசிலித் தீவின் மெசினா நகருக்குப் போனார்.

அங்கே கடலில் ஆர்கோனாட் என்ற ஆக்டோபஸ் வகை உயிரினம் உண்டு. அப்பளம்போல் மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓடு அதன் சொந்த வீடா, திருட்டு வீடா? அறிஞர்களுக்குள் ஒரே சண்டை. செத்ததைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்குமா?

1832-ல் ழான் கண்ணாடித் தொட்டி செய்து, கடல்நீர் நிரப்பி, ஆர்கோனாட்டை உயிரோடு வளர்த்தார். ஓட்டில் ஒரு துண்டை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். தன் இரண்டு கைகளில் உள்ள சவ்வைக் கொண்டு அதுவே உடைசலைச் சரிசெய்தது. சொந்த வீடுதான்!

1838-ல் அவருடைய குறிப்புகளையும் சேகரிப்புகளையும் ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கிவிட்டது. நல்லவேளை, ஆர்கோனாட் ஆய்வு முன்பே அச்சாகியிருந்தது. 1871-ல் பிறந்த ஊரிலேயே ழான் காலமானார்.