பால் பாக்கெட்டில் இல்லாத பெயர்

உங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வர்ற பால் பாக்கெட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. 'பாஸ்டரைஸ்டு' என்று அச்சடிச்சிருக்கும். லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானியின் பெயர் அது. ஆனா இப்போ நாம பார்க்கப் போறது அவருக்கு முன்பே ஆட்டுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டுக் காட்டிய ஒரு கால்நடைக் கல்லூரி வாத்தியாரை. பெயர் ஆன்றி துசேன்.

1847இல் பிரான்சின் வோஜ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். படிச்சது லியோன் கால்நடை மருத்துவக் கல்லூரியில். அந்த வகையில் உலகின் முதல் கல்லூரி அதுதான். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஷோவோ, உயிருள்ள குதிரையின் இதயத்துக்குள் குழாயைச் செலுத்தி அழுத்தத்தைக் கோடுகளாகப் பதிவு செய்து காட்டியவர். இன்றைய சென்சாருக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்க. துசேன் 1869இல் பட்டம் வாங்கினார். பின்னால் அதே பதிவு முறையை வைத்து, மாடு எப்படி அசை போடுது என்று ஆராய்ந்தார்.

1876இல் துலூஸ் கால்நடைக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். உடற்கூறியலும் உடலியங்கியலும் அவர் பாடங்கள். வகுப்பு போக மீதி நேரம் லேப்தான். அப்போது ஆடுமாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். நோயுற்ற விலங்கின் ரத்தத்தை 55 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, அதையே ஊசியாகப் போட்டார் துசேன். பிறகு சூட்டுக்குப் பதிலா கார்பாலிக் அமிலம் சேர்த்தும் பார்த்தார். ஊசி போட்ட ஆடுகள் நோயைத் தாங்கின. 1880 ஜூலையில் பாரிஸ் அறிவியல் அகாடமியில் இது அறிவிக்கப்பட்டது.

முறை இன்னும் பக்குவப்படலை. அடுத்த சோதனையில் சில ஆடுகள் ஊசியாலேயே செத்தன. பாஸ்டர் இதை ஏற்கவே இல்லை. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்தினால்தான் தடுப்பூசி ஆகும் என்பது அவர் கட்சி.

1881 மே மாதம், புயி-லெ-ஃபோர் என்ற ஊரில் பாஸ்டர் ஊரைக் கூட்டி ஒரு டெமோ நடத்தினார். செம்மறியும் வெள்ளாடுமாக 50. பாதிக்கு ஊசி, பாதிக்கு இல்லை. பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க்கிருமியைச் செலுத்தினார்கள். ஜூன் 2 அன்று மக்கள் வந்து பார்த்தால், ஊசி போட்டவை நிற்குது, போடாதவை சரிஞ்சு கிடக்குது. உலகமே கைதட்டியது.

அந்த ஊசியில் இருந்தது என்ன? காற்றுபட வைத்துப் பலவீனமாக்கிய கிருமி என்றே எல்லோரும் நினைத்தார்கள். பாஸ்டரும் திருத்தவில்லை. 1970களில் அவருடைய லேப் நோட்டுகள் ஆய்வாளர்கள் பார்வைக்கு வந்தபோதுதான் விஷயம் உறுதியாச்சு. அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் பொட்டாசியம் டைக்ரோமேட் சேர்த்துத் தயாரித்த ஊசி அது. துசேன் போன ரசாயன வழிக்குப் பக்கத்துத் தெரு!

பாஸ்டரின் உழைப்பைக் குறைச்சுச் சொல்ல முடியாது. ஊர் ஊராகப் போய்ச் சேரும் தடுப்பூசியை உண்டாக்கியது அவர் குழுதான். ஆனா வழியைத் திறந்தவருக்குச் சேரவேண்டிய பங்கு சேரலை.

கேட்டுப் போராட துசேனுக்கு உடம்பும் ஒத்துழைக்கலை. 1881 வாக்கிலேயே நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோயில் விழுந்தார். 1890இல் துலூஸில் இறந்தபோது வயது 43.

இன்னொன்று. கோழிக் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து பாஸ்டருக்கு அனுப்பியதும் துசேன்தான். அந்தக் கிருமிக்கு இன்றைய பெயர் பாஸ்டுரெல்லா.

அடுத்த முறை ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது, ராத்திரி உட்கார்ந்து கோடு திருத்திக் கொடுத்த சீனியரையும் சர்க்யூட் பார்த்துக் கொடுத்த லேப் அண்ணனையும் நன்றிப் பக்கத்தில் பெயர் சொல்லி எழுதுங்க. உங்க ரெக்கார்டு நோட்டிலும் தேதி போட்டு உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்க. துசேனுக்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைச்சது, 90 வருஷம் கழிச்சுத் திறந்த ஒரு நோட்டால்தான்.