சீகன்பால்கு ஐயரும் சிற்றெழுத்தும்

பாலக்கோட்டுக் கடைவீதியிலே நடப்போர் பெயர்ப்பலகைகளை ஊன்றி நோக்குவராயின், அவற்றுட் பலவற்றின் எழுத்து ஒரே பருமனான கோட்டால் அமைந்திருத்தலைக் காண்பர். தடித்தலும் மெலிதலும் அதில் இல்லை. முனையிற் குறுங்கோடும் இல்லை. ஆங்கில எழுத்தில் இவ்வகையைச் சான்ஸ் செரிஃப் என்பர். மேனாட்டு அச்சில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் தோன்றிற்று. நமக்கோ அது புதிதன்று. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு இயல்பாகவே ஒரே பருமனுடையது. அவ்வோலை எழுத்தை ஈயத்தில் வார்ப்பித்து நூல் அச்சிட உழைத்தோருள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர்.

ஐயர் 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியில் சாக்சனியைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். டென்மார்க்கு வேந்தரால் அனுப்பப்பெற்று, 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறாரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். இரண்டாண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றிற்கு அட்டவணையும் வகுத்தார். கோட்டை அதிகாரியோடு நேர்ந்த பிணக்கினால் நான்கு திங்கள் சிறையிலிருந்ததும் அக்காலத்தேயாம்.

தமிழ் அச்சு அவரால் தொடங்கியதென்பார் சிலர். அது பிழை. 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. ஆயினும் அவ்வழி இடையிலே தூர்ந்து போயிருந்தது. ஓலையிற் படியெடுப்பதோ காலமும் பொருளும் விழுங்குவது. ஆதலின் ஐயர் தமிழெழுத்தின் மாதிரிகளை ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழை வாசிக்க அறியாதோர் அவற்றைப் பார்த்தே அச்செழுத்து வெட்டினர்! அவ்வெழுத்துக்கள், ஆட்லர் என்னும் அச்சுத்தொழிலாளரோடு 1713-இல் தரங்கம்பாடி சேர்ந்தன.

வந்த எழுத்தில் ஒரு குறை இருந்தது. அது மிகப் பெரிது. பேரெழுத்துப் புதிதாகப் பயில்வோர் கண்ணுக்கு இனிதாகலாம். ஆனால் ஒரு பக்கத்திற் சில சொற்களே அடங்கும். காகிதமோ கடல் கடந்து கப்பலில் வரவேண்டும். பெருநூல் ஒன்றை அவ்வெழுத்தில் முடிப்பதெனின், உள்ள காகிதம் போதாது. ஆகவே ஆட்லர் சிறிய எழுத்துக்களை இங்கேயே வெட்டி வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயமே அதற்கு உதவிற்று என்று கூறுவர். பொறையாற்றில் எழுத்து வார்ப்பகமும் காகித ஆலையும் அமைந்தன.

புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714-இல் அச்சாயிற்று. அவ்வாண்டே ஐயர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். எஞ்சிய பகுதியை அவர் தோழர் கிருண்ட்லர் 1715-இல் நிறைவேற்றினார். தாம் மொழிபெயர்த்த நூல் முற்றுப்பெற்ற நாளில் ஐயர் தரங்கம்பாடியில் இல்லை. லத்தீன் மொழியில் அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது. அவ்வாண்டே தரங்கம்பாடிக்கு மீண்டு பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்தார். உடல் நலிந்தது. 1719 பெப்ருவரி 23-இல், முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

மொழிபெயர்ப்பு அப்போது ரூத்தின் சரித்திரம் வரையிலே வந்திருந்தது. அதற்கு மேற்பட்டதைப் பின்வந்த ஷுல்ட்ஸ் ஐயர் முடித்தார்.