சிவந்த தலைமுடிச் சுவாமியாரும் பியெத்தா இல்லத்துப் பிள்ளைகளும்



இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரிலே, நீரோரமாக நின்ற ஓர் இல்லத்தின் சுவரில் சிறிய மாடம் ஒன்று இருந்தது. வறுமையாலோ ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சியோ வளர்க்க இயலாத பச்சிளங் குழந்தைகளைப் பெற்றோர் அதில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளிருப்போர் அக்குழந்தையை எடுத்து வளர்ப்பார்கள். 14ஆம் நூற்றாண்டிலே பிரான்சிஸ்குவின் சபைத் துறவி ஒருவர் தொடங்கிய இந்த இல்லத்தின் பெயர் பியெத்தா. இரக்கம் என்பது அதன் பொருள்.

இந்த இல்லத்திற்கு 1703ஆம் ஆண்டு செப்டெம்பரில் வயலின் ஆசிரியராக இளங் குரு ஒருவர் வந்து சேர்ந்தார். இன்று உலகெங்கும் வானொலிகளில் ஒலிக்கும் நான்கு பருவங்கள் என்னும் இசையை ஆக்கிய அன்ரோனியோ விவால்டியே அவர்.

விவால்டி 1678ஆம் ஆண்டு மார்ச் 4ஆந் திகதி வெனிசில் பிறந்தார். பிறந்தவுடனேயே உயிருக்கு ஆபத்து என அஞ்சிய மருத்துவிச்சி வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். தந்தையார் முடிதிருத்தும் தொழில் செய்தவர். பின்னர் புனித மாற்கு பேராலயத்தில் வயலின் வாசித்தவர். மகனுக்கும் அவரே வயலின் பழக்கினார். விவால்டி 1703ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தலைமுடி சிவந்திருந்தமையால் ஊரார் அவரைச் செங்குரு என்றே அழைத்தனர்.

ஆனால், திருநிலை பெற்று ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்திலேயே அவர் பூசை ஒப்புக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். பிறந்த நாள் முதல் தம்மை வாட்டிய நெஞ்சு இறுக்கமே காரணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். பீடத்தில் நிற்க முடியாதவருக்கு நாடக அரங்கில் நிற்க மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்டவர்களும் உண்டு. அவர் புனிதர் அல்லர். புகழ்ச்சியை விரும்பினார், பணக் கணக்கில் கெட்டிக்காரராக இருந்தார். எனினும், அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்ததை மறுக்க யாராலும் இயலாது.

பியெத்தா இல்லத்துப் பையன்கள் கைத்தொழில் பழகி வெளியேறுவார்கள். பெண் பிள்ளைகளில் இசைத் திறமை உடையோர் தெரிந்தெடுக்கப்பட்டு வாத்தியக் குழுவிலும் பாடற்குழுவிலும் சேர்க்கப்பட்டார்கள். ஆண் ஆசிரியர்கள் மூத்த மாணவிகளுக்குக் கற்பித்தார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். ஏறத்தாழ 40 பேர் சேர்ந்து இசைப்பார்கள். ஆலயத்தின் மேன்மாடத்தில் இரும்புக் கம்பித் திரைக்குப் பின்னால் அவர்கள் நிற்க, கீழே இருப்போர் இசையை மட்டுமே கேட்பர். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கும் அவ்வாறு கேட்டவர்களில் ஒருவர்.

இப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். தகப்பன் பெயர் தெரியாதவர்களுக்கு வாத்தியமே பெயராயிற்று. கைக்குழந்தையாக வந்து சேர்ந்த ஒருத்தி வயலின் அன்ன மரியா எனப்பட்டாள். விவால்டி அவளுக்கென்றே பல கொன்சேர்ட்டோக்களை எழுதினார். அவளே பின்னர் ஆசிரியையாகி, ஐரோப்பா அறிந்த கலைஞராக விளங்கி, 1782இல் மறைந்தார்.

கொன்சேர்ட்டோ என்பது என்ன? குழு முழுவதும் ஒரு பல்லவியை இசைக்கும். பின் ஒரு வாத்தியம் மட்டும் தனித்து எழுந்து தன் திறமையைக் காட்டும். குழு மீண்டும் பல்லவியுடன் வந்து அதைச் சேர்த்துக்கொள்ளும். வேகமான பகுதி, ஆறுதலான பகுதி, மறுபடியும் வேகமான பகுதி என மூன்றாக இதனை அமைக்கும் முறையை நிலைநாட்டியவர்களுள் விவால்டி முதன்மையானவர். ஏறத்தாழ 500 கொன்சேர்ட்டோக்களை அவர் எழுதினார். அவருடைய தொகுதி ஒன்று 1711இல் அம்ஸ்ரர்டாம் நகரில் அச்சாகியது. ஜேர்மனியில் செபஸ்தியான் பாக் அதிலிருந்த சிலவற்றை எடுத்து, விசைப்பலகை வாத்தியங்களுக்கு ஏற்ப எழுதிப் பழகினார்.

இல்லத்து நிருவாகக் குழு 1709இல் வாக்கெடுத்து அவரை நீக்கியது. 1711இல் மீண்டும் அழைத்தது. யூதித்தின் வெற்றியைப் பற்றி 1716இல் அவர் ஆக்கிய இசை நாடகத்தில், படைத்தலைவன் ஒலோபெர்னஸ் உட்பட எல்லாப் பாகங்களையும் இல்லத்துப் பெண்களே பாடினர்.

முடிவு துயரமானது. 1737இல் பெராரா நகரின் கர்தினால், பூசை வைக்காத குரு, பாடகி ஒருத்தியின் நட்பை விடாதவர் என்று கூறி, அவர் அந்நகருக்குள் வருவதைத் தடைசெய்தார். வெனிசிலும் இரசனை மாறிற்று. 1740இல் வியன்னா சென்றார். அவர் நம்பியிருந்த பேரரசர் ஆறாம் சார்ள்ஸ் அவ்வாண்டே காலமானார். 1741ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் திகதி விவால்டியும் இறந்தார். செலவு குறைந்த அடக்கம். அந்தக் கல்லறை இன்று இல்லை. அவருடைய இசையும் அவரோடு மறைந்ததுபோலாயிற்று.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன. 1926இல் வட இத்தாலியிலுள்ள சலேசியன் சபைக் குருமார் தங்கள் கல்லூரியிற் கிடந்த பழைய இசைக் கையெழுத்துப் படிகளை விற்க எண்ணி, தூரின் தேசிய நூலகத்திடம் மதிப்புக் கேட்டனர். திறந்து பார்த்தபோது விவால்டியின் கைப்பட எழுதிய ஏடுகள்! மற்றப் பாதி ஜெனோவாவில் ஒரு பிரபு குடும்பத்திடம் இருந்தது. வாங்குவதற்கு நூலகத்திடம் பணமில்லை. அப்போது ரொபேர்த்தோ போவா என்பவர், குழந்தைப் பருவத்திலே இறந்த தம் மகன் மௌரோவின் நினைவாக முதற் பாதியை வாங்கிக் கொடுத்தார். 1930இல் பிலிப்போ ஜோர்டானோ, அவ்வாறே இழந்த தம் சிறு மகன் ரென்சோவின் நினைவாக மறுபாதியைக் கொடுத்தார். 450க்கு மேற்பட்ட ஆக்கங்கள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன. இன்றும் அவை அவ்விரு குடும்பங்களின் பெயர்களாலேயே வழங்குகின்றன.

வாசகர்களே, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட இசையை, பிள்ளைகளை இழந்த பெற்றோர் மீட்டுத் தந்தார்கள்.

அனாதைப் பிள்ளைக்கு உண்ணவும் உடுக்கவும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நாம் எண்ணுவதுண்டு. நத்தார் நாளில் பழைய உடுப்புகளையும் மிஞ்சிய பலகாரத்தையும் கொடுத்துவிட்டு மனநிறைவு கொள்வதுமுண்டு. பியெத்தா இல்லமோ தன் பிள்ளைகளுக்கு நகரின் மிகச் சிறந்த ஆசிரியரைத் தேடிக் கொடுத்தது. அவரும் அவர்களுக்கென்று எளிதான பாடங்களை எழுதவில்லை. தம்மால் இயன்ற மிக உயர்ந்ததையே எழுதினார். அதனாலேயே மாடத்தில் விடப்பட்ட குழந்தையின் விரல்களுக்கு அரசர்களும் செவிசாய்த்தார்கள்.

அடுத்த முறை ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போகும்போது, கையில் என்ன கொண்டுபோகிறோம் என்று சற்று யோசிப்போம்.