கடலில் மூழ்கிய கண்காட்சி

ஏனாத்தூர் வழியாகக் காஞ்சிபுரம் போகிறவர்கள் கோபுரங்களைப் பார்ப்பார்கள். பட்டுக் கடைகளைப் பார்ப்பார்கள். ஊர் அமைந்திருக்கும் அழகைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

ஒருவர் பார்த்தார். அவர் ஒரு வெள்ளைக்காரர்! பெயர் பாட்ரிக் கெட்டிஸ். தேர் ஓடும் அகல வீதிகளையும், பெரிய கோயில்களையும், சின்னக் கோயில்களையும் கண்டு அவர் வியந்து போனார். இவ்வளவு நன்றாகத் திட்டமிட்டுக் கட்டி, அது இன்னும் கலையாமல் நிற்கும் ஊர் இந்தியாவிலும் இல்லை, வெளியிலும் இல்லை என்று எழுதினார்.

இருட்டு அறை

கெட்டிஸ் 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். செடி கொடிகளை ஆராயும் விஞ்ஞானி ஆனார். 25-வது வயதில் மெக்சிகோ தேசம் போனபோது கண் பார்வை மங்கிவிட்டது. பல வாரம் இருட்டு அறையில் அடைந்து கிடந்தார். படிக்க முடியாது, எழுதவும் முடியாது. என்ன செய்வது?

ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டம் கட்டமாக மடித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவி யோசித்தார். பார்வை திரும்பியது. காகித மடிப்பை மட்டும் அவர் சாகும்வரை விடவில்லை.

பிறகு ஊர்களைச் சீர்திருத்தும் வேலையில் இறங்கினார். எடின்பரோ நகரத்தில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிக்கே மனைவி அன்னாவுடன் குடிபோனார். அங்கே வீடுகளைக் கழுவி வெள்ளையடித்தார்.

எம்டன் செய்த வேலை

நல்ல ஊர் எப்படி இருக்கும் என்று ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதற்காகப் படங்கள், வரைபடங்கள், சின்னஞ்சிறு மாதிரிகள் எல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தினார். பல வருஷ உழைப்பு அது. சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு அழைக்கவே, 1914-ல் கெட்டிஸ் இங்கே வந்தார். கண்காட்சிச் சாமான்கள் 'கிளான் கிராண்ட்' என்ற வேறொரு கப்பலில் வந்தன.

அப்போது முதல் உலக யுத்தம். செப்டம்பர் 22-ந்தேதி சென்னையில் குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டனை நம் பாட்டிமார் மறக்கவே இல்லை. அதே எம்டன் அடுத்த மாதம் கிளான் கிராண்டை மூழ்கடித்தது. கண்காட்சி முழுவதும் கடலுக்குள் போயிற்று!

கெட்டிஸ் திரும்பிப் போகவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னை செனட் மண்டபத்தில் கண்காட்சி திறந்தது. பிறகு கல்கத்தாவுக்கும் நாகபுரிக்கும் போயிற்று.

கடல் கொண்டுபோனதைத் திரும்பச் செய்துவிடலாம். 1917-ல் வந்தது அப்படிப்பட்ட நஷ்டம் அல்ல. மூத்த மகன் பிரான்சில் போர்க்களத்தில் இறந்தான். காய்ச்சலில் படுத்திருந்த அன்னாவிடம் அதைச் சொல்ல கெட்டிசுக்கு மனம் வரவில்லை. அன்னாவும் சில வாரங்களில் கல்கத்தாவில் கண்ணை மூடினார்.

எலி ஊர்வலம்

அந்தத் துக்கத்தோடுதான் அவர் இந்தூர் வேலையைச் செய்தார். அங்கே பிளேக் நோய் பரவியிருந்தது. அறிக்கை எழுதினால் யார் படிப்பார்கள்? தீபாவளிக்கு ஓர் ஊர்வலம் ஏற்பாடு செய்தார். எந்தத் தெருவைச் சுத்தமாக வைத்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். ஊரெங்கும் துடைப்பமும் சுண்ணாம்புமாக ஒரே அமர்க்களம்!

பூதம் போன்ற ஒரு பிளேக் எலி ஊர்வலத்தில் வந்தது. புதிதாகக் கட்டப்போகும் கட்டடங்களின் மாதிரிகள் வண்டிகளில் வந்தன. தோட்டிகள் வெள்ளை உடுத்தி, பூச்சூடி, மரியாதையான இடத்தில் நடந்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் அல்ல. கடைசியில் எலியைக் கொளுத்தினார்கள்.

1919 முதல் 1924 வரை கெட்டிஸ் பம்பாய் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார். 1932-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரல் 17-ந்தேதி பிரான்சில் உள்ள மாண்ட்பெலியே நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 77.