ரால்ஃப் டீட்டர் சரித்திரம்

மோட்டார் வண்டி செலுத்துவோனுக்கு இன்றியமையாத பொறி கண் என்பதை எவரும் மறுக்கார். அங்ஙனமிருக்க, வண்டி செலுத்துவோர்க்குத் துணைபுரியும் கருவிகளுள் பெயர்பெற்ற ஒன்றை உலகுக்கு அளித்தவர், இளம் பருவத்திலேயே இரு கண்களின் ஒளியையும் இழந்தவர் என்றால் வியப்பன்றோ? அவரே அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ரால்ஃப் டீட்டர் என்பார். அவருடைய வாழ்க்கையை நம் மாணவர்க்கு ஒருவாறு சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய இந்தியானாவில் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் ரால்ஃப் டீட்டர் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் யந்திரத் தொழிலில் கைதேர்ந்தவர்கள். ரெயில் தண்டவாளங்களைப் பார்வையிடும் பணியாளர் ஏறிச் செல்வதற்கேற்ற ஒருவகை மிதிவண்டியை அவருடைய சிறிய தந்தையார் அமைத்தார். அதனை முதலாகக் கொண்டு 1895-ஆம் ஆண்டில் குடும்பத்தார் ஒரு தொழிற்சாலை தொடங்கினர். ஆகவே, குழந்தை ரால்ஃப் கண்விழித்து நோக்கிய உலகம் உளியும் சுத்தியும் கடைசல் யந்திரமும் நிறைந்த உலகமாயிருந்தது.

அவ்வுலகத்தைக் கண்ணாற் காணும் பேறு அவருக்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஐந்து வயதில், இழுப்பறை ஒன்றைக் கத்திமுனையால் நெம்பித் திறக்க முயன்றபோது, கத்தி தவறி ஒரு கண்ணிற் பாய்ந்தது. ஒரு கண்ணுக்கு நேர்ந்த காயம் சிற்சில சமயங்களில் மற்றைக் கண்ணையும் பற்றிக் கெடுப்பதுண்டு. அக்காலத்து மருத்துவத்தால் அதனைத் தடுக்க இயலவில்லை. ஓராண்டு கழிவதற்குள் சிறுவன் முற்றும் பார்வையற்றவனானான்.

இத்தகைய துன்பம் நேரிடின் பெற்றோர் செய்வது என்ன? பிள்ளைக்கு வேண்டியன யாவும் தாமே செய்து, அவனை ஓரிடத்தில் அமர்த்திக் காப்பதே பெரும்பாலும் வழக்கம். அதுவும் அன்பே, ஆயினும் அவ்வன்பு பிள்ளையின் கைகளைக் கட்டிவிடுகின்றது. டீட்டரின் பெற்றோர் வேறொரு வழியை மேற்கொண்டனர். குறையுடையவன் என்று அவரை ஒதுக்கி நடத்தாமல், ஏனைய சிறுவரைப்போல வேலை செய்யவும், கருவிகளைக் கையாளவும் இடந்தந்தனர். விரல்களால் தடவியே பொருள்களின் வடிவையும் அளவையும் மனத்தில் எழுதிக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் வளர்ந்தது. பன்னிரண்டு வயதளவில், உறவினச் சிறுவன் ஒருவனுடன் கூடி, பெட்ரோல் எஞ்சினால் ஓடும் சிறு மோட்டார் வண்டியொன்றை அவர் கட்டி முடித்தார். 1902-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி என்பது பெரிய நகரங்களிலேயே அருமையான காட்சியாயிருந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் பொறியியல் பயிலவேண்டும் என்னும் ஆவல் அவருக்கு எழுந்தது. படம் வரைதலும் படம் நோக்குதலும் உயிராகிய அக்கல்வியைப் பார்வையற்ற ஒருவர் எங்ஙனம் கற்பார் என்று கலாசாலைகள் ஐயுற்றன. பென்ஸில்வேனியா சர்வகலாசாலை இறுதியில் அவரை ஏற்றுக்கொண்டது. பாடங்களைப் பிறர் படிக்கக் கேட்டும், கேட்டவற்றை மனத்திற் பதித்தும், யந்திர உறுப்புகளைத் தொட்டு உணர்ந்தும் கற்று, 1912-ஆம் ஆண்டில் யந்திரப் பொறியியலிற் பட்டம் பெற்றார். கற்பிக்க மனமிசைந்த ஆசிரியரும், படித்துக் காட்டப் பொறுமையுடைய உறவினரும் நண்பரும் இல்லையேல் அப்பட்டம் கிட்டியிராது.

அவர் பெற்ற கல்வியின் பயன் முதல் உலகப் போர்க் காலத்தில் வெளிப்பட்டது. அப்போது அமெரிக்கக் கடற்படைக்காக விரைந்து செல்லும் நாசகாரிக் கப்பல்கள் கட்டப்பட்டு வந்தன. அவற்றை இயக்குவன நீராவிச் சுழலிகள். சுழலும் உருளையின் எடை அச்சைச் சுற்றிலும் ஒரே சீராகப் பரந்திராவிடில், வேகம் மிகுந்தபொழுது உருளை அதிரும். அதிர்ச்சியால் அச்சின் தாங்கிகள் தேயும். ஈற்றில் யந்திரமே பழுதாகும். எடை மிகுந்த இடம் எது, குறைந்த இடம் எது என்று கண்டு சமன்செய்வதே தீர்வு. கண்ணுக்குப் புலப்படாத அவ்வதிர்வை டீட்டரின் விரல் நுனிகள் நுட்பமாக உணர்ந்தன. விரலுணர்ச்சியோடு கணிதத்தையும் துணைக்கொண்டு, அச் சுழலிகளைச் சமன்செய்யும் முறையொன்றை வகுத்து, பிற பொறியாளர்க்குத் தடையாயிருந்த இடரை அவர் நீக்கினார்.

போர் முடிந்தபின் டீட்டர் தம் ஊருக்கு மீண்டு குடும்பத் தொழிலில் ஈடுபட்டார். அத்தொழில் அப்பொழுது பிஸ்டன் வளையங்கள் செய்வதில் ஊன்றி நின்றது. எஞ்சினின் உருளையினுள்ளே பிஸ்டன் மேலுங்கீழும் ஓடும்போது, எரிந்த வாயு கீழே கசியாமலும், எண்ணெய் மேலே ஏறாமலும் காப்பது அதனைச் சுற்றியுள்ள இவ்வளையமே. பர்ஃபெக்ட் ஸர்க்கிள் என்னும் பெயர்பூண்ட அத்தொழிற்சாலையின் வளையங்கள் அமெரிக்க நாடெங்கும் பரவின. மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1936-ஆம் ஆண்டில் டீட்டரைத் தன் தலைவராகத் தேர்ந்தது. 1946-ஆம் ஆண்டில் அவர் தம் தொழிற்சாலையின் தலைவரானார்.

அவர் புகழை நிலைநிறுத்திய கருவியின் வரலாறு இனி வருவது. டீட்டர் வண்டியோட்டியின் அருகமர்ந்து செல்வதே வழக்கம். அவருடைய நண்பரான வழக்கறிஞர் ஒருவர் வண்டி செலுத்துகையில், தாம் பேசும்போது வேகத்தைக் குறைப்பார். பிறர் பேசக் கேட்கும்போது கூட்டுவார். பார்வையுடையோர் வெளிக்காட்சியில் மனஞ் செலுத்தி இதனைப் பொருட்படுத்தாது விடலாம். டீட்டருக்கோ வேகத்தின் ஒவ்வோர் ஏற்றமும் இறக்கமும் உடம்பில் தைத்தது. வண்டியின் வேகத்தை ஒரு நிலையில் நிறுத்தும் கருவி வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது.

அவ்வெண்ணத்துக்குக் காலமும் துணைசெய்தது. 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேயா ஜப்பானியர் வசமாயிற்று. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பால் வடித்த ரப்பர்த் தோட்டங்கள் நேச நாடுகளின் கையைவிட்டு நீங்கின. டயர் கிடைப்பது அரிதாகவே, அமெரிக்க அரசாங்கம் வண்டிகள் மணிக்கு 35 மைலுக்கு மேற் செல்லலாகாது என்று கட்டளையிட்டது. ஆயினும், நெடுஞ்சாலையில் கால் தன்னையறியாமலே மிதியை அழுத்திவிடும். விதித்த வேகத்தைக் காலுக்கு நினைவூட்டும் கருவியின் தேவை யாவர்க்கும் விளங்கியது.

டீட்டர் பலவாறு முயன்று அமைத்த கருவிக்கு அமெரிக்க அரசாங்கத்தின் காப்புரிமை 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கிடைத்தது. அது செயற்படும் விதம் வருமாறு: வண்டியின் ஓட்டத்தோடு சுழலும் அச்சினின்று ஒரு கவர்னருக்குச் சுழற்சி வருகின்றது. வேகம் கூடக்கூடக் கவர்னரின் எடைகள் வெளிநோக்கி விலகும். அவற்றை எதிர்த்து ஒரு வில்சுருள் நிற்கும். அதன் இறுக்கத்தை ஓட்டுவோன் முன்னுள்ள திருகு ஒன்றால் வேண்டிய வேகத்துக்கேற்ப அமைத்துக்கொள்வான். அவ்வேகத்தை வண்டி எட்டியவுடன், எடைகள் சுருளை வென்று ஒரு வால்வைத் திறக்கும். எஞ்சினின் உறிஞ்சுவிசையால் ஒரு சிறு பிஸ்டன் இயங்கி, ஆக்ஸிலரேட்டர் மிதியைக் காலுக்கு எதிராகத் தள்ளும்.

இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அம்முதற் கருவி வண்டியைத் தானே செலுத்தவில்லை. மிதியின் அழுத்தத்தை எதிர்ப்பது என்பதே காப்புரிமைப் பத்திரத்தில் அதற்கு இடப்பட்ட பெயரின் கருத்து. வேகம் எல்லையை எட்டிவிட்டது என்பதைப் பாதத்தின் தொடுவுணர்ச்சிக்கு அது அறிவித்தது. மற்றொரு வண்டியைக் கடக்க வேண்டின், ஓட்டுவோன் அவ்வெதிர்ப்பையும் மீறி அழுத்தலாம். முடிவு செய்யும் உரிமை அவனிடமே நின்றது. தொட்டுணர்ந்தே உலகை அறிந்த ஒருவர், ஓட்டுவோர்க்கும் தொடுவுணர்ச்சி வாயிலாகவே செய்தி சொல்லுமாறு தம் கருவியை அமைத்தது எத்துணைப் பொருத்தம்! அவருடைய பெற்றோர் அவருக்குச் செய்த உதவியும் இத்தகையதே என்று நமக்குத் தோன்றுகின்றது. அவர்கள் அவருக்குத் துணைநின்றனர். அவர் கையிலிருந்த வேலையைப் பறித்துக்கொள்ளவில்லை.

பின்னர், மிதியினின்று காலை எடுத்துவிட்டாலும் வேகம் மாறாது நிற்கவேண்டும் என்று ஓட்டுவோர் விரும்பினர். அதற்கிணங்க மின்விசையால் பிடித்து நிறுத்தும் பூட்டும் சேர்க்கப்பட்டது. பிரேக்கைத் தொட்டவுடன் அப்பூட்டு விடுபடும். 1958-ஆம் ஆண்டில் கிரைஸ்லர் கம்பெனியார் தம் உயர்ந்த வண்டிகளில் இதனை வைத்து விற்றனர். அடுத்த ஆண்டு காடிலாக் வண்டிகளில் இது க்ரூஸ் கண்ட்ரோல் என்னும் பெயருடன் வந்தது; அப்பெயரே உலகில் நிலைத்துவிட்டது. 1973-ஆம் ஆண்டில் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்து, மறு ஆண்டு அமெரிக்காவில் மணிக்கு 55 மைல் என்னும் எல்லை விதிக்கப்பட்டபின், இக்கருவியின் பயனைப் பலரும் உணர்ந்தனர்.

இந்நாளில் ஓட்டுவோர்க்குத் துணையாகும் கருவிகள் பலவாய்ப் பெருகியுள்ளன. அவை இல்லாமல் வாங்கிய ஜீப் முதலிய காட்டுவழி வண்டிகளிலும், தொழிற்சாலையிற் செய்த அதே உறுப்புகளைப் பின்னர் வாங்கிப் பொருத்துவோர் உளர். பம்பரில் பதிக்கும் பார்க்கிங் சென்சார்கள் மனிதர் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தால் தூரத்தை அளக்கின்றன; ஒரு மீட்டர் தொலைவிலுள்ள சுவரினின்று எதிரொலி மீள ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏறக்குறைய 6 பங்கே ஆகும். இக்கருவிகள் ஓட்டுவோனுக்கு அறிவிப்பன. வேகத்தைத் தாமே கூட்டியும் குறைத்தும், பிரேக்கைத் தாமே அழுத்தியும் செயற்படுவன வேறொரு வகை. டீட்டரின் முதற் கருவியும் பின் வந்த பூட்டும் காட்டிய வேற்றுமையே இங்கும் உள்ளது.

இவற்றைப் பொருத்துவோர் டீட்டரின் கருவியினின்று கற்கவேண்டியது ஒன்றுண்டு. அவருடைய கருவி வேகத்தை அறிந்தது அச்சின் சுழற்சியால். சக்கரத்தின் அளவு மாறினால் அக்கணக்குப் பிழைபடும். 31 அங்குல டயரை நீக்கி 33 அங்குல டயர் பூட்டிய ஜீப்பில், வேகமானி 60 காட்டும்பொழுது வண்டி ஏறக்குறைய 64-இல் ஓடும். திருத்தம் செய்யாவிடில் க்ரூஸ் கண்ட்ரோலும் அப்பிழையையே நம்பி நடக்கும். வண்டியை உயர்த்தினாலோ, இரும்புப் பம்பர் மாட்டினாலோ, முன்னோக்கும் ராடாரின் குறியும் சென்சார்களின் கோணமும் தவறும். உறுப்பைத் திருகி மாட்டுவதோடு பணி முடிந்துவிடாது. வண்டியின் கணினிக்கு அவ்வுறுப்பையும் புதிய அளவுகளையும் அறிவித்தல் வேண்டும். சேறு படிந்த சென்சார் ஒன்றும் கேளாது. மழையில் வழுக்கும் பாதையில் வேகத்தைக் கருவியிடம் விடுதல் ஆகாது. பொருத்தியவனும் ஓட்டுபவனும் இவற்றை அறியாவிடின், துணையென்று கொண்டதே பகையாய் முடியும்.

டீட்டர் பூட்டுகள், மீன்தூண்டில் தாங்கிகள், புல்வெட்டும் யந்திரம் முதலிய வேறு பொருள்களையும் ஆக்கினார். 1963-ஆம் ஆண்டில் அவருடைய தொழிற்சாலை டேனா என்னும் பெரிய கம்பெனியோடு இணைந்தது. பொறியியல் கற்பிக்கும் இளம் ஆசிரியரைச் சிறப்பிக்க அவர் பெயரால் ஒரு பரிசினை மோட்டார்ப் பொறியாளர் சங்கம் நிறுவியது. தம்மை ஏற்றுக் கற்பித்த ஆசிரியரால் உயர்ந்த ஒருவரின் பெயர் ஆசிரியர்க்குரிய பரிசில் விளங்குவது தக்கதே. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் பிராயத்தில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1988-ஆம் ஆண்டில் மோட்டார்த் துறைப் பெரியோர் வரிசையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

நம் கல்லூரியிலிருந்து வெளியேறும் மாணவர் பலர் ஆசிரியராகவும், மருத்துவராகவும், பொறியாளராகவும், பெற்றோராகவும் பிறர்க்கு உதவும் நிலையை அடைவர். உதவி செய்யும் போதெல்லாம் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். உதவி பெறுவோன் தன் வேலையை இன்னும் நன்றாகச் செய்யுமாறு செய்வதே உதவி. அவன் கையினின்று அவ்வேலையை எடுத்துக்கொள்வது, நல்லெண்ணத்தால் நேர்ந்ததாயினும், அவனை இன்னும் சிறியவனாக்கும். கண்ணிழந்த சிறுவன் கையில் கருவியை நம்பிக் கொடுத்த ஹேகர்ஸ்டவுன் பெற்றோர் இதனை எந்நூலினின்றும் கற்றிலர். அவர்கள் கொண்ட நம்பிக்கையின் பயனை, நெடுஞ்சாலைகளில் ஓடும் வண்டிகளில் இன்று உலகம் துய்த்து வருகின்றது.