மண்ணின் மதிப்பறிந்த கட்டடக் கலைஞர்

நுழையும்முன்

வீடு கட்டுவோர் கல்லுக்கும் கூலிக்கும் கணக்கு எழுதுகின்றனர். அவ்வீட்டிற்காக எரிந்த விறகும் நிலக்கரியும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ஏழையின் பணத்தைக் காக்கும் வழியே இயற்கையையும் காக்கும் என்று கட்டிக் காட்டியவர் லாரி பேக்கர்.

இளமையும் சந்திப்பும்

லாரி பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அந்நகரிலேயே கட்டடக்கலை பயின்றார். போரை ஏற்காத குவேக்கர் நெறியினராதலால், இரண்டாம் உலகப்போரில் படைக்கலம் ஏந்தாது, மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனா சென்றார்.

தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் அணிந்திருந்த, கையால் செய்த துணிக் காலணிகள் அடிகளின் கவனத்தை ஈர்த்தன. வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்னும் அடிகளின் கருத்து, பேக்கரின் வாழ்நாள் நெறியாயிற்று.

மலைமக்களிடம் கற்ற பாடம்

1945இல் தொழுநோய் மருத்துவமனைகளின் கட்டடப் பணியை ஏற்று இந்தியா வந்தார். 1948இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் குடியேறினார். கல்லூரியில் கற்ற பல முறைகள் அங்கு உதவவில்லை. மலைமக்களோ, அருகே கிடைத்த கல், மண், மரம் ஆகியவற்றைக் கொண்டு குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகளை எழுப்பியிருந்தனர். தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துத் திருத்திய அறிவு அது என உணர்ந்த பேக்கர், அவர்களிடம் மாணவரானார். 1963இல் கேரளத்தின் வாகமண்ணுக்கும், பின்னர்த் திருவனந்தபுரத்திற்கும் இடம்பெயர்ந்தார்.

நெருப்பின் கணக்கு

சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். அப்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றி, அக்கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. செங்கற்சூளையும் விறகையோ நிலக்கரியையோ வேண்டுகிறது. மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணைப் பிசைந்து வெயிலில் உலர்த்திய கல்லுக்குச் சூளை தேவையில்லை. வீடு பழுதானாலும் அம்மண்ணை மீண்டும் பிசைந்து பயன்படுத்தலாம்.

தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. ஆரணி, கண்ணமங்கலம் போன்ற பட்டு நெசவு ஊர்களில் இதன் அருமை எளிதில் விளங்கும். மண்தரையில் தோண்டிய குழித்தறிக்கு அருகே ஈரப்பதம் நிலைத்தால், இழை அறுவது குறையும்.

மண்சுவருக்கு நீர் பகை என்பதையும் பேக்கர் மறைக்கவில்லை. உயர்ந்த அடித்தளம், சுவரைக் கடந்து நீளும் இறவாரம், தேவைப்படின் மண்ணுடன் சிறிதளவு சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் ஆகியவை அதனைக் காக்கும் என்று எளிய படங்கள் வரைந்து கையேடுகளில் விளக்கினார்.

குறைத்துக் கட்டும் கலை

சுட்ட செங்கல் தேவைப்பட்ட இடங்களில் அதன் அளவைக் குறைத்தார். கற்களை விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாகும். இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட் சுமையைத் தாங்குவதில்லை, கம்பியே தாங்குகிறது. ஆகவே, அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைச் சேமித்தார். திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில், துளைகள் விட்டுக் கட்டிய செங்கற்சுவர்கள் காற்றையும் ஒளியையும் உள்ளே அழைக்கின்றன. அங்கு நின்ற மரங்களை வெட்டாமல், அவற்றைச் சுற்றிச் சுவர்களை வளைத்தார்.

மண்வீடு வறுமையின் அடையாளம் என்னும் எண்ணம் அவருக்குப் பெருந்தடையாயிற்று. சொல்லால் வாதிடுவதைவிடத் தாமே அவ்வாறு வாழ்ந்து காட்டினார். நாலாஞ்சிறையில் பழைய பொருள்களையும் பயன்படுத்தித் தமக்கென எளிய வீட்டை அமைத்தார். 1985இல் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் இணைந்து 'காஸ்ட்ஃபோர்டு' அமைப்பைத் தொடங்கி, குறைந்த செலவிலான கட்டுமானத்தைப் பரப்பினார்.

இந்தியக் குடியுரிமையும், 1990இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற பேக்கர், 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இயற்கை எய்தினார். அவரிடம் பயின்ற கொத்தனார்களும் பொறியாளர்களும் அப்பணியைத் தொடர்கின்றனர். நம் ஊரில் எஞ்சியுள்ள மண்வீட்டை இடிக்குமுன், அதனைக் கட்டியவர்கள் அறிந்திருந்தவை யாவை என்று கேட்டறிவது நம் கடமையாகும்.